ஊர் சொல்லாத பெட்டி

இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்தால், பேரைக் கேட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, மூன்றாவதாக "நமக்கு எந்த ஊரு?" என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்காவிட்டால் பேச்சு மேலே நகராது. ஒரகடத்துக்கு மேற்கே, தொழிற்சாலைகள் முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் இருந்த ஏழு கரை ஆய்வகத்தில் மட்டும் அந்தக் கேள்விக்குத் தடை இருந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகள் நான்கு வருடம் பேசி, நடுவே இரண்டு முறை கோபித்துக்கொண்டு எழுந்துபோய், மறுபடி வந்து உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் விதியே அதுதான். நோய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது, தேடக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது.

வெளியே இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். ஆனால் காரணம் இருந்தது. முன்பு ஒரு காய்ச்சல் வந்தபோது, ஏழில் ஒரு நாடு நேர்மையாக முதல் நாளே "எங்களிடம் ஆரம்பித்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தது. அதற்குக் கிடைத்த பரிசு, அதன் கப்பல்களை எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. இறால் ஏற்றிய பெட்டிகள் கடலிலேயே அழுகின. அந்த நாட்டுக்காரன் என்றால் ஓட்டலில் தண்ணீர்கூடத் தரவில்லை. அடுத்த காய்ச்சல் இன்னொரு நாட்டில் தொடங்கியபோது, அந்த நாடு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அந்த ஐம்பத்து மூன்று நாளில் காய்ச்சல் ஏழு கரையிலும் ஏறி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெட்டி. ஏழு நாடுகளில் எந்த மருத்துவமனையும் இனம் தெரியாத காய்ச்சலின் மாதிரியை அதற்கு அனுப்பலாம். பெட்டி என்பது பேச்சுக்கு. உண்மையில் அது மூன்று அறை நிறைய எந்திரம். அது நோயாளியின் பேரை அழிக்கும், மொழியை அழிக்கும், ஊரை அழிக்கும். கிருமியை மட்டும் ஆய்வாளர்களிடம் தரும். அனுப்பிய மருத்துவமனைக்கு எந்திரமே தனியாகப் பதில் சொல்லும். அவர்கள் சத்தமில்லாமல் தங்கள் வட்டாரத்தைப் பூட்டுவார்கள். தடுப்பூசியை ஏழு நாடுகளும் ஆளுக்கொரு பங்காகச் செய்யும். ஒருவர் பங்கு இல்லாமல் மற்றவருடையது வெறும் தண்ணீர். பதுக்கவும் முடியாது, முந்திக்கொள்ளவும் முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனிதர்கள் நடத்த வேண்டிய ஏற்பாடு.

ஐப்பசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியிலிருந்து பதினொரு பேரின் தொண்டை மாதிரிகள் வெளியே வந்தன. பார்க்க உட்கார்ந்தவள் மறைச்செல்வி. முப்பத்தெட்டு வயது, எட்டு வருடமாக அங்கே வேலை. பக்கத்தில் நின்றவர் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், பெட்டிக்குப் பொறுப்பாளர், அறுபதைத் தொட்டவர். அந்த ஐம்பத்து மூன்று நாளில் நாற்பதாவது நாள் தன் மனைவியைப் பறிகொடுத்தவர். அதை அவர் சொல்லி யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

"பதினொரு பேர். அஞ்சு பேர் செத்திட்டினம்," என்றார் குகதாசன். "புதுக் கிருமி. எங்கட புத்தகத்தில இல்லாதது."

"அஞ்சுல ரெண்டு பேரு கர்ப்பிணின்னு போட்டிருக்கு சார்."

"ஓம். பட்டியலில இருந்த பிள்ளைத்தாச்சியளே ரெண்டு பேர்தான். ரெண்டு பேரும் தப்பேல்லை."

மறைச்செல்வி அந்த வரியை மறுபடி படித்தாள். அவள் தங்கை யாழினி ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறி, போகாத ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய் உண்டான பிள்ளை. அடுத்த வெள்ளிக்கிழமை வேதாரண்யத்தில் வளைகாப்பு. அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் முன்னே நின்று செய்ய வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"ஊசிக்கு எவ்வளவு நாள் சார் ஆவும்?"

"ஏழு பேரும் கை கோத்து நிண்டா நாப்பது நாள். ஒராள் கையை எடுத்தாலும் ஊசி இல்லை." குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆளுக்குக் கிருமி தொத்தி, சோதனையில தெரிய ரெண்டு நாள் எடுக்கும். அதுவரைக்கும் ஆள் நல்லாத்தான் இருக்கும். அதுதான் இதின்ர விசேஷம். அனுப்பின ஆக்களுக்குப் பெட்டி நாளைக்கு விடியப் பதில் சொல்லும். பிறகு அந்த இடம் பூட்டுப்படும்."

அவர் போன பிறகு மறைச்செல்வி துகள் பட்டியலைத் திறந்தாள். பெட்டியைச் செய்தவர்கள் பேரை மறைத்தார்கள், ஊரை மறைத்தார்கள். ஆனால் தொண்டையில் கிருமியோடு ஒட்டிக்கொண்டு வரும் தூசியை மறைக்க மறந்துவிட்டார்கள். மாதிரி சுத்தமாக இருக்கிறதா என்று சரிபார்க்க, அதில் இருந்த எல்லாவற்றையும் எந்திரம் வரிவரியாகப் போட்டுக்கொடுக்கும். நூற்று இருபது வரி. யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை.

நாற்பத்தோராவது வரியில் அவள் கண் நின்றது. உப்பை விரும்பும் நுண்ணுயிர். கோடையில் உப்பளப் பாத்தியில் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறுமே, அதைச் செய்வது அதுதான். ஒரு வருடம் இரண்டு வருடம் உப்பு வாரினால் போதாது, ஆயுள் முழுக்க வாரினால்தான் மூக்கிலும் தொண்டையிலும் இப்படிக் குடியேறும். சரி, ஏழு நாட்டிலும் உப்பளம் உண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். ஐம்பத்தெட்டாவது வரி: புகையிலையில் வளரும் ஒரு பூஞ்சணம். உப்பு வாருகிறவர்கள், வாய்க்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு உப்பு வாருகிறவர்கள். உப்பும் புகையிலையும் ஒரே மண்ணில் விளைகிற ஊர் ஏழு கரையில் எத்தனை இருக்கும்? அவளுக்குத் தெரிந்து ஒன்று. அவள் பிறந்த ஊர்.

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை. யாழினி வீடு உப்பளத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. அவள் புருஷன் இளம்பரிதி குத்தகைக்கு எடுத்து உப்பு போடுகிறவன். நாளைக் காலை வேதாரண்யம் பூட்டப்படும். பூட்டினால் உள்ளே இருப்பவர் உள்ளேதான். நாற்பது நாள்.

விதி அவளுக்குத் தெரியாதா? பதினாறு பக்கம் படித்துக் கையெழுத்துப் போட்டவள். விதி எல்லாம் ஊராருக்கு. தங்கச்சி என்று வந்தால் கையெழுத்துப் போட்ட கை வேறு, கைபேசியைத் தேடும் கை வேறு. பத்தரை மணிக்கு வாசலுக்குப் போய், காவலாளியிடம் டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டு, மதில் ஓரமாக நடந்தாள். ஆய்வகத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கலவை எந்திரத்தின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

"யாழினி, நான் சொல்றதக் கேளு. நீயும் மாப்ளையும் உடனே கிளம்பி இங்க வாங்க."

"என்னாக்கா இது? வெள்ளிக்கிழம வளைகாப்ப வச்சிகிட்டு நான் அங்க வரவா? நீதான வரணும்?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்பவே கிளம்பு. பஸ் வேணாம், வண்டி வச்சிகிட்டு வா."

யாழினி மெதுவாகக் கேட்டாள், "அக்கா, அத்தான் நல்லா இருக்காருல்ல?"

இந்த இடத்தில் மறைச்செல்வி நின்று யோசித்திருக்க வேண்டும். "நல்லா இருக்காருடி" என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் மனம் பூட்டப்போகும் ஊரில் இருந்தது. காவலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தான். "எதுவும் கேக்காத. நேர்ல சொல்றேன்," என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு அழைப்புக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். செத்துப்போனார் என்று யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை. கொஞ்சம் முடியவில்லை என்பார்கள், சீரியஸ் என்பார்கள், காரணம் கேட்காதே, கிளம்பி வா என்பார்கள். கேட்பவருக்கும் புரிந்துவிடும். புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் மாற்றுத்துணி எடுத்துவைப்பார்கள். மறைச்செல்வியின் அப்பா போனபோது அவளுக்கும் இப்படித்தான் அழைப்பு வந்தது. வழி நெடுக அப்பா பிழைத்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மடியில் மாலையோடுதான் போனாள். இதெல்லாம் தெரிந்தவள். கிருமியின் மூவாயிரம் குறிப்புகளை மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கு, இந்த ஒன்று மட்டும் அன்றைக்கு மறந்துபோனது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் குடியிருப்பு வாசலில் வந்து நின்றது காரல்ல, வேன். கதவு திறந்ததும் ஓலம்தான் முதலில் இறங்கியது. சின்னம்மா தையல்நாயகி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தாள். பெரியப்பா மகன்கள் இருவர், மாமன் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர், இளம்பரிதியின் அண்ணன், எல்லாம் சேர்த்துப் பதினேழு பேர். திருத்துறைப்பூண்டியில் வாங்கிய ரோஜா மாலை ஒருவர் தோளில். கோடித் துணிப் பை இன்னொருவர் கையில்.

"எங்க பொண்ண இப்புடி நடுத்தெருவுல விட்டுட்டுப் போனியே என் ராசா!" என்று சின்னம்மா மறைச்செல்வியைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு, என்ன ஏதென்று பார்க்க, மறைச்செல்வியின் கணவன் சத்தியசீலன் லுங்கியோடு வெளியே வந்தார். கையில் டீ டம்ளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தவர். அவரைப் பார்த்ததும் ஓலம் பாதியில் அறுந்தது. மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வேன் டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மொத்தத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கற மனுசனுக்கு எழவு சொன்னியாடி பாவி?" என்றாள் சின்னம்மா.

"நான் எங்க சின்னம்மா சொன்னேன்?"

"சொல்லாமதான சொன்ன!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே என்று மறைச்செல்விக்கும் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. போகட்டும், இரண்டு பேரைக் கூப்பிட்டதற்குப் பதினேழு பேர் தப்பித்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடுதான் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"யாழினி எங்க?"

"மாசமா இருக்கறவள எழவு வீட்டுக்குள்ள கூட்டியாருவாங்களா?" என்றாள் சின்னம்மா. "கிளம்பவே கூடாதுன்னுதான் சொன்னேன். எங்கக்காவுக்கு நான் போவாம யாரு போவான்னு வண்டியில ஏறிட்டா. சரி, வாசல மிதிக்க வேணாம்னு விட்டுட்டு வந்தோம்."

"எங்க விட்டுட்டு வந்தீங்க?"

இளம்பரிதி முன்னால் வந்தான். "பக்கத்துலதான் அண்ணி. பயப்படாதீங்க. நம்ம ஊரு ஆளுங்க ஷெட்டுல, அஞ்சலை அக்கா கிட்ட விட்டிருக்கோம். கஞ்சி வச்சிக் குடுக்கறேன்னாங்க."

"எந்த ஆளுங்க மாப்ள?"

"நம்ம உப்பளத்து ஆளுங்கதான். ஐப்பசி மழைக்குப் பாத்திய மூடிட்டா ஊர்ல என்னா வேல இருக்கு? நாப்பது குடும்பம் இங்க கட்டட வேலைக்கு வந்திருக்கு. புரட்டாசியிலேயே வந்துட்டாங்க. ஒங்க ஆபீசுக்குப் பின்னாடி எழும்புதே, அதக் கட்டறதே அவங்கதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எட்டு வருடமாக அந்த மதிலை ஒட்டித்தான் போய் வந்தாள். தகரக் கொட்டகைகளைப் பார்த்திருக்கிறாள். அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மழை பிறந்தால் உப்பளம் மூடிவிடும், உப்பளத்து ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேலை தேடிப் போவார்கள் என்பது வேதாரண்யத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். காலையில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஊர்தான். மனுஷர்கள் தெரியவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். கொட்டகை வரிசையில் ஒரே ஒரு குண்டு விளக்கு எரிந்தது. யாழினி கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆவி பறக்கும் கஞ்சியைக் கருவாட்டுத் துண்டோடு குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அஞ்சலை, முந்தானையால் விசிறிக்கொண்டு. அதே கட்டிலின் கால்மாட்டில், போர்வைக்குள் சுருண்டு கிடந்த அஞ்சலையின் புருஷன் இருமினான். நீண்ட இருமல்.

"அத்தான் உசுரோட இருக்காராமே!" யாழினி முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். "இப்பதான் போன் வந்துச்சு. ஏங்க்கா இப்புடிப் பயமுறுத்துன? கஞ்சி குடிக்கிறியா?"

"எந்திரி. வெளிய வா."

"இருக்கா, குடிச்சிட்டு வர்றேன். கைய வச்சிப் பாரு, உள்ள எட்டி ஒதைக்கிறான்."

மறைச்செல்வி அஞ்சலையைப் பார்த்தாள். "இவருக்கு எத்தன நாளா இருமல்?"

"நாலு நாளா தாயி. இங்க எல்லாருக்குந்தான் இருக்கு. பதினோரு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, தொண்டையில குச்சிய விட்டு எடுத்தாங்களாம். அஞ்சு பேரு திரும்பி வரல. கேட்டா, ஊருக்கு அனுப்பி வச்சிட்டோம்கறாரு மேஸ்திரி."

"ஊருக்கு யாரும் வரலியே?" என்றாள் யாழினி, கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டே.

அன்று இரவே ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பட்டைகளால் எல்லாருக்கும் சோதனை செய்தாள். யாழினியையும் சேர்த்துப் பதினெட்டும் சுத்தம் என்றன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சத்தியசீலன் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதை அவரிடம் சொல்ல மறைச்செல்விக்கு நா எழவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டி பதில் சொன்னது. ஆறு மணிக்கு ஒரகடத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குச் சாலைகள் பூட்டப்பட்டன.

நான்காம் நாள் யாழினிக்கு இருமல் வந்தது. ஐந்தாம் நாள் சின்னம்மாவுக்கும் இளம்பரிதிக்கும். கல்லூரி விடுதி ஒன்றை மருத்துவமனையாக மாற்றி, எல்லாரையும் அங்கே கொண்டுபோனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளிகள், இந்தப் பக்கம் மற்றவர்கள்.

அதற்குள் டிரைவர் பிடித்த படம் ஏழு நாடும் சுற்றியிருந்தது. முதலில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யோசித்தார்கள். கிருமி ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருத்தி, காய்ச்சல் அறிவிக்கப்படுவதற்கு முந்தின நாள், தன் சனத்தை எதற்கு வேதாரண்யத்திலிருந்து அவசரமாகக் கிளப்பினாள்? அப்படியானால் காய்ச்சல் வேதாரண்யத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது, ஒரகடத்துக்கு அந்த வேனில்தான் வந்திருக்கிறது! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டே நாளில் கடைகளில் வேதாரண்யம் உப்பு என்றால் பாக்கெட்டோடு குப்பையில் போட்டார்கள். அந்த ஊர் எண்ணுள்ள லாரியை நாகப்பட்டினம் தாண்ட விடவில்லை. ஊர் அப்படி இல்லை, நோய் அங்கே இல்லை என்று மறுக்க வேண்டுமானால், எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல விதி விடவில்லை.

விதி முறிந்தது முறிந்ததுதான். பெட்டிக்குள் இருந்த ஊர் வெளியே வந்துவிட்டது, இனி எங்கள் ஊரும் ஒரு நாள் வரும் என்று கிழக்குக் கரையில் ஒரு நாடு தன் பங்கை நிறுத்தியது. மறுநாள் இன்னொன்று. வெளியே வந்த ஊர் தவறான ஊர் என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. எட்டாம் நாள் ஏழு பங்கில் மூன்றுதான் மிஞ்சின. மூன்று பங்கு என்பது வெறும் தண்ணீர்.

அன்று மாலை குகதாசன் விடுதிக்கு வந்தார். அவருடைய அரசு அவரைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தது. தனி வண்டி, தனிக் கப்பல், அங்கே போய் முப்பது நாள் தனி அறை. இருவரும் பத்தடி தள்ளி நின்று பேசினார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்க சார். நான் துகள் பட்டியலப் பாத்தேன்."

"தெரியும். அண்டைக்குத் திறந்திருக்கிறீர். பெட்டியில பதிஞ்சிருக்கு." அவர் கோபப்படவில்லை. "எத்தினையாவது வரி வரைக்கும் பாத்தனீர்?"

"ஐம்பத்தெட்டு."

"எழுபத்து மூண்டு வரைக்கும் போயிருக்கலாம். ஈரச் சிமெந்து. எழுபத்து நாலில வௌவால் எச்சம். பின்னால அந்தப் பழைய அரிசிக் கிடங்கை இடிச்சவையெல்லே, பத்து வருசமா வௌவால் அடைஞ்ச கிடங்கு. என்ர யன்னலால பாத்தா தெரியும்."

மறைச்செல்விக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பத்தடி தூரத்தை மறந்து ஓரடி முன்னே வைத்தாள். "உங்களுக்கு... அன்னிக்கே தெரியுமா சார்?"

"அண்டைக்குக் காலமையே."

"இங்கதான்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"அந்த முதல் விதியை எழுதினது நான்தான், பிள்ளை. அம்பத்து மூண்டு நாள் பொய்யால என்ர மனுசி செத்தவ. இனி ஒருத்தரும் பயத்தில பொய் சொல்லக் கூடாது எண்டு எழுதினது. எழுதினவனே மீறினா, பிறகென்ன?" அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "நான் வாய் திறந்திருந்தா ஒப்பந்தம் உடைஞ்சிருக்கும், உம்மட தங்கச்சி தப்பியிருப்பா. திறக்கேல்லை. ஒப்பந்தமும் உடைஞ்சிட்டுது, அவவும் வந்திட்டா."

"நான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

குகதாசன் கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பொய் சொல்லி ஆறுதல் தரலாமா என்று யோசித்தது போலிருந்தது. "இல்லை," என்றார். வண்டி வந்து நின்றது. அவர் தன் நாட்டின் ஒரு பங்கு செய்முறையை ஒரு சிறு தோல்பையில் எடுத்துக்கொண்டு ஏறிப் போனார். இனி அதனால் யாருக்கும் பயனில்லை; ஆனாலும் அவர் பொறுப்பில் இருந்த பொருள்.

பன்னிரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்கு யாழினி போனாள். பிள்ளையை எடுக்கப் பார்த்தார்கள், எடுக்க முடியவில்லை. ஆண்பிள்ளை. வளைகாப்புக்கென்று அவள் ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள் அப்படியே இருந்தன, ஒன்றும் உடையவில்லை. மறைச்செல்வி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கொன்றது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சத்தியசீலன் வந்து தோளைத் தொட்டு, "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச," என்றார். அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

இளம்பரிதியிடம் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, பிழைத்துவிடுவான் என்றார்கள். பதினேழு பேரில் அதுவரை ஆறு பேர் போயிருந்தார்கள், சின்னம்மாவும்தான். கண்ணாடிக்கு அப்பால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் ஒலிபெருக்கியில் சொன்னதை முழுதும் கேட்டான். அழவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல எத்தன பேருக்கு அண்ணி?"

நோய் வரப்போகிற ஊரிலிருந்து காப்பாற்றத்தான் அக்கா கூப்பிட்டாள் என்றுதான் அவர்கள் அத்தனை பேரும் கடைசிவரை நம்பியிருந்தார்கள். சாகும்போது சின்னம்மாகூட, ஊரில் மிச்சம் இருக்கிறவர்களை நினைத்துத்தான் வருத்தப்பட்டாள். மறைச்செல்வி காலையில் வந்த அரசுப் பட்டியலைப் பார்த்திருந்தாள். வேதாரண்யம் வட்டத்துக்கு நேரே முதல் நாளிலிருந்து இன்றுவரை ஒரே எண்தான் இருந்தது.

"ஒருத்தருக்கும் இல்ல மாப்ள."

"ஒருத்தருக்குமா?"

"ஆமா."

அவன் அவளையே பார்த்தான்.

"அப்ப எங்கள எதுக்கு அண்ணி கூப்ட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.